சாம்பலக்காவும் நீல ஞ-வும்

சுவரில் எழுதுகிறவர்களை இந்த உலகத்தில் யாரும் முழுசாகப் படிப்பதில்லை. பஸ்ஸில் போகிறவர் பாதி பார்ப்பார், நடந்து போகிறவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போவார். சாம்பலக்கா ஒருத்திதான் கடைசி வளைவுவரை நின்று படிப்பாள். படித்து முடித்த கையோடு ரோலரைச் சாம்பல் பெயிண்ட்டில் முக்கி, மேலிருந்து கீழே இழுத்து மூடிவிடுவாள். அந்த வேலைக்குத்தான் நகராட்சி அவளுக்குச் சம்பளம் கொடுத்தது.

சாம்பலக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. எட்டு வருஷமாக நகக்கண்ணிலும் காது மடலிலும் ஒட்டியிருந்த பெயிண்ட் வைத்த பெயர். சுவர் அழிக்கும் பிரிவில் மூன்று வண்டிகள். மூன்றாவது வண்டியில் அவளும் ஒரு டிரைவரும். டிரைவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: குறட்டை. மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிட்டு முடித்து செய்தித்தாளை முகத்தில் போட்டால், இரண்டு மணிவரை இடி விழுந்தாலும் எழ மாட்டான். நல்ல பிள்ளை, வாய்தான் கொஞ்சம் நீளம்.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அழிக்கும் முன் ஒரு போட்டோ, அழித்த பின் ஒரு போட்டோ, இரண்டையும் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். மற்ற வண்டிக்காரர்கள் வெயிலுக்குப் பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு அடித்துவிட்டுப் போவார்கள். சாம்பலக்காவுக்கு அது முடியவில்லை. நாம்தானே கடைசியாகப் பார்க்கப்போகிறோம், ஒழுங்காகப் பார்த்துவிட்டு அழிப்போமே என்று ஆரம்பத்தில் ஒரு பரிதாபம். அப்புறம் அதுவே பைத்தியமாகிவிட்டது.

எழுதுகிறவர்களில் ஒருத்தரைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை. ஆனால் ஒவ்வொருவரின் கையும் அவளுக்கு அத்துப்படி. ஊதின பூரியாக எழுத்தைக் குண்டாக எழுதி, இரண்டு நிறத்தில் நிழல் போடுகிறவனுக்கு அவள் வைத்த பெயர் குண்டன். மெல்லிசாக, கூராக இழுக்கிறவள் ஊசி. அது பெண் என்று எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், அவளுக்குத் தெரியும். இன்னொருவன் அவசரம். கடைசி எழுத்தை எப்போதும் பாதியில் விட்டுவிட்டு ஓடியிருப்பான், ஸ்ப்ரே வழிந்த கோடு தரைவரை வந்திருக்கும். ஒருத்தர் எழுதியதன் மேல் இன்னொருத்தர் எழுதுவதில்லை, இடமில்லாவிட்டால் பக்கத்தில் ஒதுங்கி எழுதுவார்கள் என்பதையும் அவள் கண்டாள். வரிசையில் நிற்கிறவர்களுக்குக்கூட அந்த மரியாதை தெரியாது. அவசரம் ஒரு தடவை இரண்டு மாதம் எங்கேயும் எழுதவில்லை. காய்ச்சலோ கையைக் காலை உடைத்துக்கொண்டானோ என்று அவள் கவலைப்பட்டதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் கை கற்றுக்கொண்டது. எங்கே அழுத்துவது, எங்கே விடுவது, எழுத்தின் உடம்பை முதலில் நிரப்பி ஓரத்தைப் பிறகு வெட்டுவதா, ஓரம் போட்டுவிட்டு நிரப்புவதா, எல்லாம் அழிக்கிறபோதே மனசில் இறங்கிவிட்டது. ஆனால் எழுத வேண்டும் என்று அவள் நினைத்ததே இல்லை. ஏனென்றால் அவள் பயந்தாங்கொள்ளி. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. கேஸை மூடினோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருகிற ரகம். அதிகாரி யாராவது "அம்மா" என்று கூப்பிட்டாலே செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்கத் தயாராக நிற்பாள்.

பிறகு எப்படி எழுதினாள்? அவள் வீட்டுக்காரர் சொன்ன ஒரு பேச்சுத்தான்.

அவர் பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். நாற்பத்தாறு வயதில் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள், நாலு நாலு மணி நேரம் டயாலிசிஸ். அந்தச் செலவை ஏற்றுக்கொண்டது அவள் வேலையோடு வந்த மருத்துவ அட்டை. அட்டை அவள் பெயரில். அவர் உயிர் அட்டையில். வேலை போனால் அட்டை போகும், அட்டை போனால் பத்து நாள்கூடத் தாங்காது என்று டாக்டரே சொல்லியிருந்தார். டாக்டர் பொதுவாகச் சொன்னதுதான். அவள் அதைத் தாலாட்டு மாதிரி தினமும் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வாள்.

டயாலிசிஸ் அறையில் அவருக்கு ஜன்னலோர நாற்காலி. ஜன்னலுக்கு வெளியே ஒரு சந்து, சந்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிடங்கின் பின்சுவர். ஒருநாள் வீட்டுக்கு வந்ததும் புலம்பித் தீர்த்தார்.

"நாலு மணி நேரமும் அந்தச் சுவரையே பாத்துட்டு உக்காந்திருக்கேன். இந்த ஓரத்துலேருந்து அந்த ஓரம் வரைக்கும் சாம்பல். கண்ணை மூடினாலும் சாம்பல்தான் தெரியுது, செத்தாப்புறம் இப்படித்தான் இருக்குமோன்னு பயமா இருக்கு. எந்த மடையன் அதுக்குப் பெயிண்ட் அடிச்சான்னு தெரியலை."

அடித்த மடையன் சாதம் போட்டுக்கொண்டிருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தச் சுவரில் குண்டன் எழுதிய நாலு எழுத்தை அழித்தது அவள்தான்.

அடுத்த வாரம், அவர் போகாத ஒரு நாளில், மத்தியானம் ஒரு மணிக்குக் குறட்டை செய்தித்தாளைப் போர்த்திக்கொண்டதும், அவள் ஆரஞ்சு மேல்சட்டையோடு அந்தச் சந்துக்குப் போனாள். தலையில் தொப்பி, பக்கத்தில் நகராட்சியின் எச்சரிக்கைக் கூம்பு, கையில் பெயிண்ட் வாளி. பட்டப்பகல். நாலு பேர் கடந்து போனார்கள், ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. மேல்சட்டை போட்டவளைச் சுவரோடு சேர்த்துச் சுவராகத்தான் பார்ப்பார்கள். வண்டியில் நீலம் இல்லை. டெப்போ பஸ்ஸின் நீலம்தான் அவருக்குப் பிடிக்கும். ஆபீசில் நீலமாக இருந்தது ஸ்டாம்ப் பேட் மை ஒன்றுதான். இரண்டு புட்டியை வெள்ளையில் கலக்கினாள். ஒரே ஒரு எழுத்து எழுதினாள்: ஞ.

ஏன் ஞ? எட்டு வருஷத்தில் எல்லா எழுத்தையும் அவள் அழித்திருக்கிறாள், அதை மட்டும் யாரும் எழுதவே இல்லை. ஒதுக்கிவைத்த பிள்ளை மாதிரி இருந்தது. ஆள் உயரத்துக்கு எழுதினாள். கடைசி வளைவு வரும்போது யாரோ பின்னால் இருமினார்கள். கை உதறியது. எப்படியோ வளைவை மேலே ஏற்றி முடித்துவிட்டு, பட்டப்பகலில் திருடியவளைப் போல ஓடிவந்தாள்.

மறுநாள் வீட்டுக்காரர் டயாலிசிஸிலிருந்து முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "எவனோ ஒருத்தன் எழுதியிருக்கான்! ஞ! மூணாவது நாற்காலி வாத்தியாரம்மா அது ஞானம்ங்கறாங்க, நான் ஞாயித்துக்கிழமைங்கறேன். நேரம் போனதே தெரியலை."

அதோடு நிறுத்தியிருக்கலாம். இவ்வளவு பயந்தவள் நிறுத்தவில்லை. எட்டு மாதத்தில் இன்னும் பத்துச் சுவர். வண்டியில் எது மிச்சமோ அதில் எழுதினாள்: கம்பத்தின் அடிப்பாகத்துக்கு அடிக்கிற தார் கறுப்பு, தீயணைப்புக் குழாய்ச் சிவப்பு, நடைபாதை ஓரக்கல் மஞ்சள். ஒவ்வொரு தடவையும் செத்துப் பிழைத்தாள். ஊரில் பேச்சு கிளம்பியது. ஞ-காரன் இருபது வயதுப் பையனாம், மோட்டார் சைக்கிளில் வருவானாம், சுவரேறிக் குதிப்பானாம். மூட்டுவலித் தைலம் தடவிக்கொண்டே அவள் அதையெல்லாம் கேட்டுக்கொள்வாள்.

ஒவ்வொன்றாக அழிக்கும் உத்தரவும் வந்தது. ஆறு அவள் வண்டிக்கு விழுந்தது, நாலு மற்ற வண்டிகளுக்கு. முதலாவதாக எழுதிய நீல ஞ மட்டும் தப்பித்தது. சந்துக்குள் இருந்ததால் அதைப் பார்க்கிறவர்கள் டயாலிசிஸ்காரர்கள்தான், அவர்கள் யாரும் புகார் கொடுக்கவில்லை.

இங்கேதான் அவள் ஒரு தப்புச் செய்தாள். வேலையைச் சரியாகச் செய்தாள்.

சில நிறங்கள் செத்தாலும் சாகாது. தார் கறுப்பின் மேல் சாம்பலை அப்படியே அடித்தால் பத்து நாளில் பழுப்பாக வெளியே கசிந்து எழுத்து மறுபடி எட்டிப் பார்க்கும். சில சிவப்பும் மை கலந்ததும் அப்படித்தான். அதற்கு முதலில் வெள்ளிப் பெயிண்ட் ஒரு பூச்சு அடித்துக் கறை வெளியே வராமல் கட்ட வேண்டும். மஞ்சளுக்கு அது வேண்டாம். எது கசியும், எது கசியாது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. கலக்கினவருக்குத்தான் தெரியும். சாம்பலக்கா தன் எழுத்துகளைத் தானே அழிக்கும்போது, கசிகிற நாலுக்கு வெள்ளி கட்டினாள், கசியாத இரண்டுக்கு நேராகச் சாம்பல் அடித்தாள். அழிந்தால் ஒரேயடியாக அழியட்டும், அரைகுறையாக நின்று சீரழிய வேண்டாம் என்பது அவள் எண்ணம்.

அந்தச் சமயம் பார்த்து ஒரு புது அதிகாரி வந்தார். பெரிய விருந்தாளிகளுக்காக வெள்ளையடித்த மண்டபச் சுவரில் ஞ வந்து உட்கார்ந்ததில் மேலிடத்துக்குக் கோபம். பிடிக்கிற பொறுப்பு இவரிடம் வந்தது. சத்தமே போடாத மனிதர். கத்துகிற அதிகாரிகளுக்குப் பழகிப்போன பிரிவுக்கு, மெல்லப் பேசுகிற இவரைப் பார்த்தால்தான் பயம்.

ஒரு திங்கட்கிழமை மூன்று வண்டிக்காரர்களையும் கூப்பிட்டுப் படங்களைச் சுவரில் ஒட்டினார்கள். மற்ற வண்டிகள் அழித்த நாலில் இரண்டு பழுப்பும் சிவப்புமாகக் கசிந்து பல்லை இளித்தன. மூன்றாவது வண்டி அழித்த ஆறும் துடைத்துவிட்டாற்போல இருந்தன. மேற்பார்வையாளருக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாருங்கய்யா! வேலைன்னா இது வேலை! சாம்பலக்காகிட்ட எல்லாரும் கத்துக்கணும்!"

எல்லோரும் கை தட்டினார்கள். குறட்டை விசிலே அடித்தான். புது அதிகாரி கை தட்டவில்லை. கையிலிருந்த தாளைப் பார்த்தபடி, "அம்மா, ஒரு சந்தேகம்" என்றார். சாம்பலக்கா அப்போதே மன்னிப்புக் கேட்கத் தயாராகிவிட்டாள்.

"ஆறுல நாலுக்கு வெள்ளி அடிச்சிருக்கீங்க. ரெண்டுக்கு அடிக்கலை. சோதனைக்கூடத்துல சுரண்டிப் பாக்கச் சொன்னேன். வெள்ளி அடிச்ச நாலும் கசியற சாமான். அடிக்காத ரெண்டும் கசியாத சாமான். ஒண்ணுகூடத் தப்பலை. எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

அவள் கண்முன்னால் மருத்துவ அட்டை வந்து நின்றது, அதன் வலது மூலையில் கிழிந்த பிளாஸ்டிக் உறைகூடத் தெரிந்தது.

"மோந்து பாப்பேன் சார்" என்று அவள் வாய் சொன்னது.

நாலு பேர் சிரித்தார்கள். அதிகாரியும் லேசாகச் சிரித்தார். "அப்ப மோந்து காட்டுங்க, நானும் பாக்கறேன். அழிக்காத ஞ எங்கேயாவது மிச்சம் இருக்கா?"

சாம்பலக்கா தரையைப் பார்த்தாள். ஆனால் வண்டியோட்டி என்று ஒரு ஜென்மம் பக்கத்தில் இருந்ததே. அக்காவுக்குப் பெயர் வாங்கிக் கொடுக்க அது துடித்தது.

"இருக்கு சார்! டயாலிசிஸ் சென்டர் பின்னாடி சந்துல, நீலத்துல ஒண்ணு! அக்கா வீட்டுக்காரரை இறக்கிவிடப் போறப்ப பாத்திருக்கேன்!"

அதிகாரி தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரர் அங்கேயா வர்றார்?" என்று மட்டும் கேட்டார். குறித்துக்கொண்டார். "வியாழக்கிழமை பதினோரு மணி" என்றார்.

நடுவில் இரண்டு நாள். அந்த இரண்டு நாளை அவள் எப்படித் தள்ளினாள் என்பதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். செவ்வாய்க்கிழமை உப்புக்குப் பதிலாகச் சோடா மாவைப் போட்டுச் சமைத்தாள். உப்பு குறைவாகச் சாப்பிட வேண்டிய மனிதர், "இன்னிக்குத்தான் டாக்டர் சொன்ன மாதிரி சமைச்சிருக்கே" என்று சாப்பிட்டுவிட்டு எழுந்தார். கதவை யார் தட்டினாலும் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. எழுதுகிற பட்டை பிரஷ்ஷை நாலு துண்டாக ஒடித்து நாலு குப்பைத்தொட்டியில் போட்டாள். எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. சொன்னால் அவருக்கு ரத்த அழுத்தம் ஏறும். ஏறினால் அதுவும் அவள் செய்த பாவம்தான்.

கட்டிலில் படுத்தபடி கணக்கை மாற்றி மாற்றிப் போட்டாள். வெள்ளி கட்டினால் ஏழுக்கு ஏழு சரி. கலக்கினவளைத் தவிர யாருக்கு அது முடியும்? எட்டு மாதம் வெயிலில் காய்ந்த எழுத்தில் என்ன வாசனை இருக்கும்? ஆகவே தப்பாகச் செய்ய வேண்டும். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு சுவரைத் தெரிந்தே கெடுக்க வேண்டும். கெடுத்தால் மட்டும் போதாது, கெட்டுப்போனது வெளியே தெரியவும் வேண்டும். மையெல்லாம் வெயிலில் செத்துப்போய், கசியாமலே கிடந்தால்? அப்போதும் அவள் செய்தது சரி என்றாகிவிடும். அதை நினைத்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குச் சந்தில் அதிகாரி, மேற்பார்வையாளர், கேமராவோடு ஒரு ஆள், குறட்டை. மேலே ஜன்னலில் வீட்டுக்காரர், கையில் குழாய்களோடு. கீழே பெண்டாட்டியைக் கண்டதும் சும்மா இருந்த கையை ஆட்டினார். அவள் ஆட்டவில்லை.

அதிகாரி சுவரடியில் இரண்டு வாளிகளை வைக்கச் சொன்னார். ஒன்றில் வெள்ளி, ஒன்றில் சாம்பல். "எது வேணுமோ எடுத்துக்குங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவள் சுவரிடம் போய் மூக்கை வைத்தாள். தூசியும் காய்ந்த சுண்ணாம்பும்தான் வாசனை. நீலம் கொஞ்சம் வெளிறியிருந்தது. இவ்வளவு கிட்டத்தில் பார்க்கும்போது தன் கை எங்கே நின்றது, எங்கே தயங்கியது என்று ஒவ்வொன்றும் தெரிந்தது. நிமிர்ந்தாள். கை தன்பாட்டுக்கு வெள்ளி வாளிப் பக்கம் போனது. எட்டு வருஷப் பழக்கம், புத்தியைக் கேட்காமலே போய்விட்டது. பாதி வழியில்தான் அவளுக்கு உறைத்தது. அந்தக் கையை அப்படியே கொண்டுபோய் வாளிக்குப் பக்கத்தில் கிடந்த துணியை எடுத்து, வேர்த்த முகத்தைத் துடைத்தாள். பிறகு சாம்பல் வாளியை இழுத்தாள்.

"வாசனை ஒண்ணும் இல்லை சார். சாதா பெயிண்ட்தான் போல."

"நிச்சயமா?"

"ஆமா சார்."

ரோலரை முக்கினாள். முதல் இழுப்பு கடைசி வளைவின் மேல் விழுந்தது. அந்த ஒரு நொடி முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் கண்ணைத் திறந்து, மற்ற வண்டிக்காரர்கள் அடிப்பதைப் போல, ஏனோதானோவென்று, ஒரே பூச்சு. ஓரம் வெட்டவில்லை, வழிந்ததைத் துடைக்கவில்லை. ஐந்து நிமிஷத்தில் ஞ போய்விட்டது. அவள் மேலே பார்க்கவே இல்லை.

அதிகாரி போட்டோ எடுக்கச் சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பத்தாம் நாள், சனிக்கிழமை, இதே நேரத்துக்கு வந்து பாக்கறேன். நீங்களும் இருங்க."

அன்றைக்கு வீட்டில் வீட்டுக்காரர் அதிகம் பேசவில்லை. "அழிச்சுட்டியே" என்றார். "மேலிடத்து உத்தரவுங்க" என்றாள் அவள். "தெரியுது" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவளுக்கு ஓவென்று அழ வேண்டும்போல இருந்தது, அழவில்லை.

இனி அவள் பிழைப்பு அந்தச் சுவரில்தான் இருந்தது. அழித்த எழுத்து திரும்பி வர வேண்டும் என்று சாமி கும்பிட்ட ஒரே ஆள் அந்தப் பிரிவில் அவளாகத்தான் இருக்கும். தினமும் வேலைக்குப் போகும் வழியில் சந்தை எட்டிப் பார்ப்பாள். மூன்றாம் நாள் சாம்பல். ஐந்தாம் நாள் சாம்பல். தன் கையால் அடித்த அந்தச் சாம்பலை அவள் ஜன்மத்தில் இவ்வளவு வெறுத்ததில்லை. ஏழாம் நாள் வீட்டுக்காரரிடம், பேச்சோடு பேச்சாக, "அந்தச் சுவர் எப்படிங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"எப்படி இருக்கும்? சுத்தமா இருக்கு" என்றார் அவர்.

சுத்தம் என்ற சொல் அவள் காதில் தீர்ப்பு மாதிரி விழுந்தது. எட்டாம் நாளும் ஒன்றுமில்லை. ஸ்டாம்ப் பேட் மையை நம்பி ஒரு மனிதரின் உயிரைப் பந்தயம் வைத்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆபீசிலிருந்து யார் கூப்பிட்டாலும் போனை இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். அவள் தின்றது கொஞ்சம், தூங்கியது அதைவிடக் கொஞ்சம்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் மழை பிடித்தது. விடியும்வரை விடவில்லை.

பத்தாம் நாள் அவள் சந்துக்குப் போகும்போது அதிகாரி ஏற்கெனவே வந்து, குடையை மடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். அவள் கால் சந்து முனையிலேயே நின்றுவிட்டது. பிறகுதான் அவளும் பார்த்தாள். ஈரச் சாம்பலுக்குள்ளிருந்து, ஊதாவும் நீலமுமாக, ஓரமெல்லாம் கலங்கி, முழு ஆள் உயரத்துக்கு ஞ ஊறி வந்திருந்தது. எழுதியபோது இருந்ததைவிட ஒரு சுற்றுப் பெரிசாகவே இருந்தது.

"என்னம்மா உங்க மூக்கு இப்படிக் கவுத்துடுச்சு?" என்றார் அதிகாரி.

அவள் தலையை மட்டும் குனிந்துகொண்டாள்.

"ஒண்ணு சொல்றேன், மனசுல வெச்சுக்காதீங்க. இன்னிக்குக் காலைல வரைக்கும் என் சந்தேகப் பட்டியல்ல முதல் ஆள் நீங்கதான்." மெல்லத்தான் சொன்னார், நாளைக்கு லீவு என்று சொல்வதைப் போல. "எழுதினவங்களா இருந்தா இது மைன்னு தெரிஞ்சிருக்கும். இப்படிக் கோட்டை விட்டிருக்க மாட்டாங்க. முன்னாடி ஆறும் உங்க அதிர்ஷ்டம்னு எழுதிடறேன். இதை ரெண்டாவது வண்டிக்குக் கொடுத்துடறேன், அவங்க வந்து அடிப்பாங்க."

அவர் குடையை ஊன்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். சாம்பலக்கா அந்த இடத்திலேயே, ஈரத்திலேயே, சுவரடியில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. இரண்டாவது வண்டிக்காரர்கள் வெள்ளி வாளியைத் திறந்தே பார்க்காதவர்கள் என்பது அதற்குப் பிறகுதான் அவள் நினைவுக்கு வந்தது.

மாடியேறிப் போனாள். அந்த அறைக்குள் அவள் வந்ததே கொஞ்சம். எப்போதும் வாசலில் இறக்கிவிட்டு வேலைக்கு ஓடுகிறவள். மெஷின்கள் முணுமுணுத்துக்கொண்டிருந்தன. வீட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்தபடி சாய்ந்திருந்தார். ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் தடவையாக அவர் இடத்திலிருந்து அந்தச் சுவரைப் பார்த்தாள்.

"வந்துடுச்சு பாத்தியா" என்றார்.

"ரெண்டாவது வண்டி வந்து மறுபடி அழிச்சுடும்."

"அவங்களா? அவங்க அழிச்சா பத்து நாள்ல திரும்ப வரும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நம்ம சமையல்கட்டு மூலைக்கு மூணு பூச்சு அடிச்சவ நீ. அன்னிக்கு ஒரே பூச்சு, அதுவும் வழிய வழிய. முதல் இழுப்புக்குக் கண்ணை வேற மூடிக்கிட்டே. மேலேருந்து எல்லாம் தெரியும்மா."

சாம்பலக்கா மூன்றாவது நாற்காலி வாத்தியாரம்மா தூங்குகிறாரா என்று திரும்பிப் பார்த்தாள். "மெதுவாப் பேசுங்க" என்றாள். "இனிமே கிடையாதுங்க. சத்தியமா இனிமே எழுத மாட்டேன். எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு."

"தெரியும்."

"உங்களுக்கு என்ன தெரியும்?"

அவர் ஊசி குத்தாத கையைத் தூக்கி ஜன்னல் கண்ணாடியில் விரலை வைத்தார். சுவரில் ஞ-வின் கடைசி வளைவு மேலே ஏறுகிற இடத்தில், யாரோ இருமியபோது உதறிய இடத்தில், அந்த விரல் நின்றது.

"இந்த இடம் நடுங்கியிருக்கு பாரு. மத்ததெல்லாம் நேரா இருக்கு, இங்கே மட்டும் நடுக்கம். யார் எழுதினாங்கன்னு எனக்கு அப்பத் தெரியாது. ஆனா எழுதினவங்களுக்கும் என்னை மாதிரியே பயம், பயந்துக்கிட்டே முடிச்சிருக்காங்கன்னு தெரிஞ்சுது. இந்த ஊசியைக் குத்தறப்ப எல்லாம் எட்டு மாசமா நான் அந்த நடுக்கத்தைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

சாம்பலக்கா நகக்கண்ணெல்லாம் சாம்பல் ஒட்டிய கையால் அவர் கையைக் கண்ணாடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மணி பதினொன்றே முக்கால். மெஷின் ஓட இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அன்றைக்கு அவள் வேலைக்குத் திரும்பிப் போகவில்லை.